மாதிரிக்கு அனுப்பிய காய்

மொக்கச்சாமிக்குப் போடி ஏலக்காய்க் கடைகளில் இருபத்திரண்டு வருசச் சோலி. காயை உள்ளங்கையில் போட்டு ஒரு பார்வை பார்த்தால் போதும், கலர் எப்படி, எத்தனை நாளில் வெளுக்கும் என்று சொல்லிவிடுவார். கேட்டவர்களுக்குச் சொன்னால் பரவாயில்லை. கேட்காதவர்களையும் பிடித்து நிறுத்திச் சொல்வார்.

மனைவி சூர்யகலா ஏலக்காய் வாசத்தில் முகப்பூச்சு செய்து விற்றாள். மதுரையில் புதிதாகத் திறக்கவிருந்த அழகு நிலையம் ஐநூறு டப்பா கேட்டிருந்தது. அவளுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். டப்பா லேபிளும் அட்டைப்பெட்டியும் ஒரே பச்சையில் இருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை திறப்பு விழாவுக்குச் சரக்கு வந்துவிட வேண்டும் என்பது பேச்சு. லேபிள் அடிப்பது சிவகாசியில், பெட்டி மதுரையில். இரண்டையும் ஒத்துப்போக வைக்கிற பொறுப்பை மொக்கச்சாமி வலியப் போய் வாங்கிக்கொண்டார்.

அச்சகத்தில் ஒவ்வொரு கலருக்கும் ஒரு நம்பர் இருக்கிறது, அதைச் சொன்னால் போதும் என்றாள் சூர்யகலா. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நம்பர வச்சு எவனாச்சும் காய் வாங்குவானா கலா? சாம்பிள் அனுப்புறேன் பாரு."

ஒரே குவியலில் இரண்டு முதல்தரக் காய்களைப் பொறுக்கி, சிவகாசிக்கு ஒன்று, மதுரைக்கு ஒன்று என்று கூரியரில் அனுப்பினார். அன்றைக்கு அவர் நடையே வேறு.

புதன்கிழமை இரண்டு சரக்கும் வந்து இறங்கின. லேபிள் நல்ல கொழுந்துப் பச்சை. பெட்டி பழைய வைக்கோல் நிறம்.

பதறிப்போய் மதுரைக்குப் போன் போட்டுக் கத்தினார். அச்சகக்காரர் நிதானமாகப் பதில் சொன்னார். காய் தொலைந்துவிடக் கூடாதென்று கண்ணாடி டம்ளரில் போட்டு ஜன்னலோரம் வைத்திருந்தார்களாம். பத்து நாள் கழித்து அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் மை கலந்தார்களாம். இம்மி பிசகவில்லையாம்.

வெயில் பட்டால் ஏலக்காய் வெளுக்கும். கடையில் எல்லாரையும் அவர் திட்டுவதே இதற்காகத்தான். மூட்டைக்குள் கறுப்புக் கவர் போடாதவனை மனிதனாகவே மதிக்கமாட்டார். அப்பேர்ப்பட்டவர், வெயிலில் வைக்காதீர்கள் என்று ஒரு வரி எழுதி அனுப்பவில்லை. வெட்கத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

சூர்யகலா சத்தம் போடவில்லை. அழகு நிலையத்துக்கு அவளே போன் போட்டு, நடந்ததை மறைக்காமல் சொன்னாள். நிலையத்தை நடத்தும் அம்மா சிரித்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்கு டப்பாவை மட்டும் அனுப்பச் சொன்னார். பெட்டி பின்னால் வந்தால் போதுமாம். அடுத்த போன் அச்சகத்துக்கு. ஒரு நம்பரைச் சொன்னாள், வைத்துவிட்டாள். அரை நிமிசம்கூட ஆகவில்லை.

மொக்கச்சாமி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "இனிமே என்னையவும் கறுப்புக் கவர்ல போட்டுக் கட்டி வச்சிரு கலா."

டப்பாவில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"கவர் எதுக்குங்க? அதான் ஐநூறு பெட்டி கெடக்குல்ல."