தகரம் மூடிய வாசல்

அந்த மென்பொருளுக்கு ‘ஒழுங்கு’ என்று அவள் பெயர் வைத்தபோது அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். “உன் அலமாரியைத் திறந்தா துணி தலைமேல விழுது. நீ ஊர்க் கம்ப்யூட்டரை ஒழுங்கு பண்றியா?”

பண்ணத்தான் செய்தாள். அலுவலகக் கணினிகள் ஒவ்வொன்றும் ஒரு தினுசாக முரண்டு பிடித்த காலத்தில், ‘இப்படி இரு’ என்று ஒரே இடத்தில் எழுதினால் எல்லாம் அப்படியே மாறிக்கொள்ளும் சின்ன நிரலாக அது பிறந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டாள். முன்பின் தெரியாதவர்கள் எடுத்தார்கள், திருத்தினார்கள், திட்டவும் செய்தார்கள். பள்ளிக்கூடம், துறைமுகம் என்று பரவி, அண்ணி நர்ஸாக இருக்கும் மருத்துவமனை வரை போய்விட்டது. பெருமைதான். ஆனாலும் புதிய பதிப்பு வெளியிடும்போதெல்லாம் எங்கே எது உடையுமோ என்ற பயம் அவளை விடாது.

அன்று காலையில் ஒரு பதிப்பை வெளியிட்டிருந்தாள். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பொறி தட்டியது. வேண்டாத கோப்புறைகளை அழிப்பதும் ‘ஒழுங்கு’ செய்யும் வேலை; எந்தக் கோப்புறை என்று குறிப்பிடாவிட்டால் பேசாமல் இரு என்று பழைய நிரலில் ஒரு வரி உண்டு. பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று அவளேதான் அதைத் தூக்கியிருந்தாள். இனி கோப்புறையின் பெயர் இல்லையென்றால் கணினியில் இருப்பதையெல்லாம் துடைத்துவிடும்!

அண்ணிக்குப் போன் போட்டாள். “அண்ணி, ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டரெல்லாம் ஓடுதா?”

“ஓடுதே. என்ன திடீர் அக்கறை?”

“புதுசா எதையும் போட விடாதீங்க!”

“அதெல்லாம் தானா போட்டுக்கும்மா. நம்மள யாரு கேக்கறா?”

மடிக்கணினியைத் திறந்தாள். ஊருக்கெல்லாம் போகுமுன் புதிய பதிப்பு, யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்க, இணையத்தில் ஒரு பொது வாசலில் சில மணி நேரம் நிற்கும். யாராவது ‘வேண்டாம்’ என்றால் அங்கேயே நின்றுவிடும். அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

வாசல் மூடியிருந்தது. காலையிலேயே மூடியவர் ‘தகரம்’. மென்பொருளின் கையேட்டில் அவ்வப்போது எழுத்துப் பிழை திருத்தி அனுப்பும் ஒரு புனைபெயர்க்காரர்.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று அவருக்கு எழுதினாள்.

“என் மிஷின்ல போட்டுப் பார்த்தேன்கா. போயிடுச்சு.”

“போயிடுச்சுன்னா?”

“சுத்தமா! நான் மட்டும் இல்ல, ஏழெட்டுப் பேர் இருக்கோம், ஆளுக்கொரு நாட்டுல. நீங்க வெளியிட்டதும் முதல்ல நாங்க போட்டுப்போம். சும்மா கிடக்கற மிஷின்ல தப்பு தெரியாது. தினமும் வேலை பார்க்கற மிஷின்லதான் தெரியும்.”

அவளுக்கு மெய் சிலிர்த்தது. தன் தலையில் மட்டும்தான் இந்தப் பாரம் என்று எவ்வளவு அலுத்துக்கொண்டிருக்கிறாள்! முகம் தெரியாத யார் யாரோ தங்கள் பிழைப்புக்கான கணினிகளையே முன்னால் நிறுத்தி, அவள் பிழைகளைத் தாங்கியிருக்கிறார்கள்.

“இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலையே?”

“சொன்னா பயந்து எழுதறதை நிறுத்திடுவீங்களே.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அசிங்கமான வரியைத் திரும்பப் போட்டாள். மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டு, “சரி பண்ணிட்டேன். வெளியிடட்டுமா?” என்று கேட்டாள்.

“ஒரு நிமிஷம் இருங்கக்கா. முதல்ல போட்டுப் பார்க்கத் தம்பியோட மிஷினைக் கேட்டு வாங்கிட்டு வரேன்.”