பக்கத்துக் கடை

1

இந்தக் கதை ஒரு தப்பான விடையிலிருந்து வந்தது. கோச்சடையில் பெண்களுக்கான இலவசப் பயிற்சி மையம் ஒன்றில் அரசு வேலைத் தேர்வுக்குப் பாடம் நடத்துகிறேன். அங்கே சேர நுழைவுத் தேர்வு உண்டு, கேள்வித்தாள் என்னுடையது. ஐம்பதுக்கு நாற்பது எடுத்தால் இடம்.

படி : ஏணி :: ______ : கடை
(அ) தராசு (ஆ) தெரு (இ) பக்கத்துக் கடை (ஈ) வாடிக்கையாளர்

படி ஏணியின் பகுதி. அதுபோலத் தராசு கடையின் பகுதி. சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்று நினைத்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பரவைச் சந்தையில் பனி படர்ந்த அதிகாலை' (பரவையில் ஏது பனி? அடித்துவிட்டேன்.)

'ஏழ்மையிலும் முத்துத்தாய்...' (இதுவும் வேண்டாம். படித்தால் அந்தம்மா என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.)

நேராகவே சொல்கிறேன். முத்துத்தாய் பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருப்பவர். முப்பத்தொன்பது மார்க். இந்தக் கேள்விக்கு (இ) போட்டிருந்தார்;* அந்த ஒரு மார்க்கில் இடம் போனது. விடைத்தாளோடு வந்து நின்றார்.

"சார், தராசு எப்பிடி என் கடையில சேரும்? அது பக்கத்துக் கடை அன்னக்கொடியோடது. ஏழு வருசமா ரெண்டு கடைக்கும் அந்த ஒரே தராசுதான்."

"பொதுவாக் கேட்டதும்மா."

"பொதுவா யாரு சார் கடை வச்சிருக்கா? இப்ப நான் இங்கன நிக்கிறேன்ல, என் கடைய யாரு பாக்குறா? அவ இல்லேன்னா எனக்குக் கடையே இல்ல. அம்புட்டுதான்."

எனக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டு வருடமாகக் கேள்வி எழுதுபவனுக்கு வராதா? ஆனாலும் விடைத்தாளை வாங்கி அந்தக் கேள்வியை மறுபடி படித்தேன்.

* நூற்றிருபது பேரில் (இ) போட்டவர் இவர் ஒருவர்தான். எல்லாத் தாளையும் புரட்டிப் பார்த்துவிட்டேன்.

3

முதல் முடிவு: விதி விதிதான் என்று அனுப்பிவிடுகிறேன். (எழுதிப் பார்த்தேன். என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.)

இரண்டாவது: மார்க் போடுகிறேன். இது நடந்தது. சந்தோஷமாகவே போட்டேன். கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

4

இன்று காலை முத்துத்தாயின் நாற்காலியில் வேறொரு பெண், கையில் முத்துத்தாயின் நோட்டு. யாரென்று கேட்டேன்.

"நான் அன்னக்கொடி சார். இன்னைக்கு அவ ரெண்டு கடையும் பாக்குறா. நாளைக்கு நான் பாப்பேன். படிச்சத ஒருத்திக்கொருத்தி சொல்லிக்குவோம்."

இடம் ஒருவருக்குத்தான், ஆள் வராவிட்டால் அதுவும் போய்விடும். பதிவேட்டைத் திறந்து பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தேன்.

"முத்துத்தாய்."

"உள்ளேன் ஐயா" என்றார் அன்னக்கொடி, கொஞ்சமும் தயங்காமல்.

வகுப்பே சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. பேனா இன்னும் பதிவேட்டில் முத்துத்தாய் பெயருக்கு எதிரே உள்ள கட்டத்தின் மேல் நிற்கிறது. விடைக்குறிப்பு எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது. இதற்கு விடையை நீங்கள் போடுங்கள்.