ஹாஜி சாசிபின் புறாக்கூண்டு

தெற்கு ஈராக்கில், எங்கள் சமாவா ஊரில் எதற்குத் தட்டுப்பாடு வந்தாலும் வெயிலுக்கு வந்ததில்லை. இருந்தும் மாடியில் சோலார் வைக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். மற்றவர்கள் ஒரே நாளில் தப்பான முடிவெடுப்பார்கள். நான் அதையே ஆற அமர யோசித்து எடுப்பேன்.

இதற்காகவே ஒரு நோட்டு போட்டிருந்தேன். சோலார் பேனலுக்கு வெளிச்சம் பிடிக்கும், சூடு பிடிக்காது. ஐம்பது டிகிரியில் அது கொதித்துப்போய், தரவேண்டிய கரண்டைக் குறைத்துவிடும். பேட்டரியும் சூட்டில் சீக்கிரம் செத்துப்போகும். மேற்கே பாலைவனத்திலிருந்து புழுதி கிளம்பினால் பேனல் மேல் மாவு சலித்த மாதிரி படியும், தினமும் துடைக்க ஆள் வேண்டும். இதெல்லாம் நோட்டின் இடது பக்கம். வலது பக்கத்தில் 'வெயில்' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தேன்.

தெருவிலும் கேட்டுப் பார்த்தேன். பேனல் வெயிலை உறிஞ்சி வீட்டுக்குள் விட்டுவிடும் என்றான் ரொட்டி சுடுகிற அபூ கர்ரார். நாள் முழுக்க அடுப்பு முன்னால் நிற்கிறவன் சூட்டைப் பற்றிச் சொல்லும்போது மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. அதையும் இடது பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

"சூரியனுக்கு என்ன பரீட்சையா வைக்கிறீங்க?" என்று கேட்டாள் என் மனைவி பத்ரிய்யா. "அது பாஸாகி ரொம்ப நாளாச்சு. நீங்கதான் இன்னும் பேப்பர் திருத்திக்கிட்டு இருக்கீங்க."

அவளுக்குத்தான் கரண்ட் வேண்டும். நுரையீரல் பாதிக்கு மேல் போய்விட்டது. மூக்கில் குழாய், குழாயின் மறுமுனையில் ஆக்சிஜன் மெஷின், மெஷினின் மறுமுனையில் அரசாங்கம். அரசாங்கக் கரண்ட் போனால் ஹாஜி சாசிபின் ஜெனரேட்டர் வரவேண்டும். தொண்ணூறு வீட்டுக்கு ஆம்பியர் கணக்கில் கரண்ட் விற்கிற மனிதர் அவர், பத்ரிய்யாவுக்குப் பெரியப்பா மகன். அது போய் இது வருகிற இடைவெளி பேச்சுக்கு ஐந்து நிமிடம். சுவிட்ச் போடுகிற ஆள் செருப்பைத் தேடினால் பத்து, டீசல் தேடினால் இருபது. ஒரு சின்ன சிலிண்டர் உண்டு, அதை நிரப்பிக்கொண்டு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அந்த நேரமெல்லாம் பத்ரிய்யா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்து எண்ணுவாள். நானும் எண்ணுவேன். அதைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியவில்லை.

ஜூலையில் ஒரு மதியம் சிலிண்டர் காலியாக இருந்தபோது கரண்ட் போனது. சுவிட்ச் போடுகிறவன் ஒரு கல்யாண விருந்தில் ஆட்டுக்கறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். முப்பத்தெட்டு நிமிடம். அவள் உதடு நீலமாவதை நான் பார்த்தேன். அன்று சாயங்காலம் நோட்டை மூடிவிட்டு பாஸ்ரா வியாபாரிக்குப் போன் போட்டு எட்டு பேனல் கேட்டேன்.

எங்கள் தெருவில் போன் பேசுவதும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பேசுவதும் ஒன்றுதான். மூன்றாம் நாள் ஒன்பது பேர் என் வீட்டுக்கு வந்தார்கள், எங்கள் குலத்தின் ஷேக் தஹாம் முன்னால், ஹாஜி சாசிப் கடைசியில். எனக்கு ஆச்சரியமில்லை. போன மாதம் சாசிபின் தம்பி மகன் லாரியைப் பின்னால் எடுக்கிறேன் என்று என் காம்பவுண்டுச் சுவரை இடித்துத் தள்ளியிருந்தான். நஷ்டஈட்டை விட்டுக்கொடுக்கச் சொல்லி என்றைக்காவது வருவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் இருந்தேன்.

கசப்புக் காபியைச் சின்னக் கோப்பையில் ஊற்றி ஷேக் கையில் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை, கம்பளத்தில் வைத்தார். எங்கள் பக்கத்தில் பெரிய காரியம் கேட்டு வருகிறவர்கள் அப்படித்தான் வைப்பார்கள்; குடிங்க என்று சொல்லிவிட்டால் கேட்டதைக் கொடுத்ததாக அர்த்தம். என் வாழ்நாளில் என் வீட்டுக் காபியை எந்த ஷேக்கும் அப்படிக் கீழே வைத்ததில்லை. அந்த அளவுக்கு நான் பெரிய மனிதனும் இல்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது.

"அபூ முஹன்னத், உன்னால எங்களுக்கு ஒரு காரியம் ஆகணும்," என்றார் ஷேக். "அது ஆகுமா ஆகாதான்னு தெரியாம இந்தக் காபி என் தொண்டையில எறங்காது."

என்ன காரியம் என்று கேட்டுவிட்டுத் தலையாட்டுகிறவனைக் கஞ்சன் என்பார்கள். ஒரு சுவர்தானே என்று நினைத்தேன்.

"குடிங்க ஷேக். நீங்க எதுக்கு வந்தீங்களோ அது முடிஞ்ச மாதிரிதான்."

ஒரே மடக்கில் குடித்தார். போதும் என்று கோப்பையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார்.

"சாசிபோட ஜெனரேட்டர் நம்ம குலத்துப் பொழப்பு. இன்னைக்கு நீ சோலார் வச்சா நாளைக்குத் தெருவே வைக்கும். ரத்த சொந்தத்து வயித்துல நாமளே அடிக்கறதா? நீ இனிமே சோலார்ல கை வைக்கக் கூடாது."

"அப்ப சுவர்?" என்றேன்.

"எந்தச் சுவர்?" என்றார் ஷேக்.

அவர்கள் போன பிறகு பத்ரிய்யா குழாயை இழுத்துக்கொண்டு சமையலறைக் கதவருகே வந்து நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்துவதற்கு மூச்சு வேண்டுமே.

"ரெண்டு வருஷம் யோசிச்சீங்க," என்றாள். "ரெண்டு நொடியில குடுத்துட்டீங்க. என்னத்தைக் குடுத்தீங்கன்னு தெரியுதா? என் மூச்சை."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஷேக் குடித்த காபியை நான் திரும்பக் கேட்க முடியாது. கேட்டால் ஊரில் நான் இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. பாஸ்ரா வியாபாரிக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் சாசிப் வீட்டில் பேரன் பிறந்தான். பிள்ளையைப் பார்க்கப் போகாமல் முடியாது என்று சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு பத்ரிய்யா போனாள். திரும்பி வந்தவள் முகத்தில் கோபத்தைக் காணோம். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நான் அங்க இருக்கும்போதே கரண்ட் போச்சு," என்றாள். "தெருவுல ஒரு வீட்டுலயும் இல்ல. அவங்க ஃபேன் நிக்கல. ஒரு சுத்து கூடக் கொறையல. டிவியில அழுதுக்கிட்டு இருந்தவ அழுகையையும் நிறுத்தல."

"ஜெனரேட்டர் சட்டுனு வந்திருக்கும்."

"அவர் ஜெனரேட்டர் என்னைக்குச் சட்டுனு வந்திருக்கு? நாலு வருஷமா நான் எண்ணிக்கிட்டு உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "மாடியில புறா வளக்கறாராமே. என்னைக்காவது ஒரு புறா பறந்து பாத்தீங்களா? தெருவுல ஒரு எச்சம் விழுந்திருக்கா?"

எனக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. சாசிப் தன் மாடியைச் சுற்றி ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்து, உள்ளே புறா வளர்க்கிறேன் என்று சொல்லி ஒரு வருடமாகிறது. எங்கள் பக்கத்தில் புறா விடுகிறவனுக்கு மரியாதை கிடையாது. மாடியேறி அடுத்த வீட்டுப் பெண்களைப் பார்க்கிறவன் என்பார்கள், அவன் சொல்லும் சாட்சியை ஏற்கமாட்டார்கள். ஹஜ்ஜுக்குப் போய் வந்த மனுஷனுக்கு இந்த வயதில் ஏன் இந்தக் கெட்ட பழக்கம் என்று தெருவே வருத்தப்பட்டது. அவர் தலைகுனிந்து அந்த அவப்பெயரைச் சுமந்தார். சுமக்கிறவருக்கு உள்ளே ஏசி ஓடியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை பேரன் பிறந்ததற்கு விருந்து. கூடம் நிறைய ஆண்கள், நடுவில் ஷேக் தஹாம். பத்ரிய்யா என்னையும் இழுத்துக்கொண்டு நேரே கூடத்துக்குள் நுழைந்தாள். பேச்சு நின்றது. ஆனால் மூக்கில் குழாயும் கையில் சிலிண்டருமாக வருகிற பெண்ணைப் பெண்கள் பக்கம் போ என்று சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழவில்லை.

"எனக்கும் ஒரு காபி ஊத்துங்க," என்றாள்.

ஊற்றினார்கள். அவள் மெதுவாகக் குனிந்து, சாசிபின் முழங்காலுக்கு முன்னால் கம்பளத்தில் அதை வைத்தாள்.

"அண்ணே, உங்களால எனக்கு ஒரு காரியம் ஆகணும்."

சாசிப் கோப்பையைப் பார்த்தார், ஷேக்கைப் பார்த்தார். அவர் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. சோலார் வேண்டும் என்று இவள் கேட்க முடியாது, அது ஷேக் முடித்த பஞ்சாயத்து. மிஞ்சினால் இரண்டு ஆம்பியர் சும்மா கேட்பாள். கூடம் முழுக்க விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு ஆம்பியருக்காக யாராவது கஞ்சன் என்ற பெயர் வாங்குவார்களா?

"குடிம்மா," என்றார் கையை அகல விரித்து. "எதுவா இருந்தாலும் முடிஞ்சுது. ஷேக்தான் சாட்சி."

பத்ரிய்யா குடித்தாள். நிறுத்தி நிறுத்தி, மூன்று மடக்காக.

"உங்க மாடியில, புறாக்கூண்டுக்குள்ள வச்சிருக்கீங்களே சோலார், அதுலருந்து என் ரூமுக்கு ஒரு வயர் இழுத்து விடுங்க. மெஷினுக்கு மட்டும். நான் இருக்கற வரைக்கும்."

சாசிபின் கை விரித்தபடியே நின்றுவிட்டது. ஷேக் மெல்லத் திரும்பினார்.

"உன் மாடியிலயா?"

"சின்னதா ஷேக்... சும்மா ஒரு இது, பாக்கறதுக்கு..."

"எத்தனை?"

"பதினாறு," என்றார் சாசிப், பேரன் தொட்டிலைப் பார்த்துக்கொண்டு.

மூலையில் யாரோ இருமுவது போல் சிரித்தார்கள். ஷேக் சிரிக்கவில்லை. "முடிஞ்சுதுன்னு சொல்லிட்டே. என்னைச் சாட்சி வேற ஆக்கிட்டே," என்றார். "சாயங்காலம் அஸர் தொழுகைக்குள்ள வயர் போயிருக்கணும்."

போயிருந்தது. தெருவைத் தாண்டி, உடைந்த என் சுவருக்கு மேலாகக் கறுப்பாக ஒரு வயர். எங்கள் மாடியில் இன்றுவரை ஒரு பேனலும் ஏறவில்லை. ஒரு மாதத்துக்குள் தெருவில் பதினொரு வீட்டில் புறாக்கூண்டு முளைத்ததற்கு நான் பொறுப்பில்லை.

நேற்று பெரிய புழுதிப் புயல். காலையில் டீயோடு மாடியில் நின்றேன். எதிர் மாடியில் ஹாஜி சாசிப் நீள அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, ஈரத்துணியால் பேனலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தகரத்தை எப்போதோ கழற்றிவிட்டார்.

"வாத்தியாரே, அந்த ஹோஸைக் கொஞ்சம் வந்து பிடிங்களேன்," என்று கூப்பிட்டார்.

"மன்னிக்கணும் ஹாஜி. சோலார்ல கை வைக்க மாட்டேன்னு ஷேக்குக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

அவர் சொன்ன பதில் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர் சொல்லக்கூடியதில்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ரொட்டிக்கடை விளக்கு அணைந்தது, ஜெனரேட்டர் வரவில்லை. டீயை அப்படியே வைத்துவிட்டுக் கீழே ஓடினேன். பழக்கதோஷம், படியிறங்கும்போதே எண்ண ஆரம்பித்துவிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று.

பத்ரிய்யா ஜன்னல் பக்கத்தில் இல்லை. கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மெஷின் உறுமிக்கொண்டிருந்தது.

"என்னத்தை எண்ணறீங்க?" என்றாள்.