குரலை எடுத்துவிட்டு ஓர் அஞ்சலி

1

இந்தக் கதை ஒரு விருது விழாவில், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பிறந்தது. ஆனால் அதை ஒரு நகவெட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

குளியலறை வாசலில் நின்று தம்பி, நாட்டை ஆளும் தலைவரின் குரலில் முழங்கினான். "என் உயிரினும் மேலான மக்களே! என் நகவெட்டியைக் காணவில்லை. இது அந்நிய சக்திகளின் சதி!"

"அந்நிய சக்தி கட்டிலுக்கு அடியில கெடக்கு. குனிஞ்சு எடு" என்றாள் அக்கா.

எடுத்தான், வெட்டினான், வேலைக்குப் போனான். விளம்பரத்தில் பேசும் சோப்புக் கட்டிக்குக் குரல் கொடுக்கிற வேலை. ஒலிப்பதிவு அறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

(அக்கா நான்தான். 'நான்' என்று எழுதினால் பேனா காகிதத்தைக் கிழிக்கிறது. அதனால் அவளைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்திருக்கிறேன்.)

2

'நாடே கொண்டாடிய பலகுரல் கலைஞனின் மறைவு, கலையுலகை ஆழ்ந்த'—

வேண்டாம். நாடு கொண்டாடவில்லை. வாராவாரம் டிவியில் அவன் தலைவரைப் போலப் பேசியபோது சிரித்தது. பிறகு வாயைப் பொத்திக்கொண்டது. ஒரு வாரம் நிகழ்ச்சி வரவில்லை. அப்புறம் வரவே இல்லை. மேடைக்கு மேடை கூப்பிட்டவர்கள் அவனுடைய போனை எடுப்பதை நிறுத்தினார்கள். அத்தனை குரல் வைத்திருந்தவனுக்குக் கடைசியில் மிஞ்சியது சோப்பின் குரல்.

3

அக்கா வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு விழாக் குழுக்காரர் வந்தார். கண் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இருந்த எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மேடம், இந்த வருஷம் சினிமா விருதோட, தம்பிக்கு ஒரு சிறப்பு விருது. தலைவரே வந்து குடுக்கறார்."

"நிகழ்ச்சியை நிறுத்தினாரே, அந்தத் தலைவரா?"

"அவர் நிறுத்தலை மேடம். யாருமே நிறுத்தலை. அதுவா நின்னுது."

"அதுவா நிக்க அதென்ன மழையா?"

அவர் நெளிந்தார். "உள்ளுக்குள்ள அவரு பெரிய ரசிகர் மேடம்."

"உள்ளுக்குள்ளயே வெச்சுக்கிட்டாரு பாருங்க, அதான் பிரச்சினை." அவள் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தாள். "நான் வரேன். ஒண்ணே ஒண்ணு. அவன் தலைவர் மாதிரிப் பேசினதை அங்க போடணும். அவன் குரல் கேக்கணும். அந்த மண்டபத்துல, அவர் காதுல."

"கண்டிப்பா மேடம். நான் பொறுப்பு."

(இவர்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. நிஜத்தில் இவ்வளவு வழவழப்பாகவா இருந்தார்? நல்லவராக மாற்றி எழுதிப் பார்த்தேன். பிள்ளைகுட்டிக்காரர், பயந்தவர் என்றெல்லாம். கோபம் இரட்டிப்பானது. பயந்த நல்லவர்கள் சேர்ந்துதானே அவனை ஊமையாக்கினார்கள்? அந்த வரிகளை அடித்துவிட்டேன்.)

4

விழா மேடையில் நகைச்சுவைக்கும் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். தொகுப்பாளர் குண்டானவர்களைக் கிண்டலடித்தார், மாமியார்களைக் கிண்டலடித்தார், தன் வழுக்கையைக்கூட விடவில்லை. முதல் வரிசையை மட்டும் தொடவில்லை. ஒவ்வொரு ஜோக்குக்கும் கூட்டம் முதலில் தலைவர் முகத்தைப் பார்த்தது. அவர் பல் தெரிந்த பிறகே சிரித்தது.*

பிறகு விளக்கு அணைந்தது. திரையில் தம்பி. தலைவரின் அதே தோள்துண்டு, அதே தூக்கிய விரல். வாய் திறக்கிறது, மூடுகிறது. சத்தமில்லை. குரல் இருந்த இடத்தில் யாரோ புல்லாங்குழல் வாசிக்கிறார்கள்.

குரலால் பிழைத்தவனுக்கு, குரலைப் பிடுங்கிவிட்டு அஞ்சலி. அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

விழாக் குழுக்காரர் குனிந்து வந்தார். "ஸாரி மேடம், சவுண்டுல ஏதோ சின்னக் கோளாறு..."

"புல்லாங்குழலுக்கு மட்டும் கோளாறு வரலையா?"

தலைவர் மைக்கைப் பிடித்தார். "தம்பி என்னைக் கிண்டல் பண்ணும்போதெல்லாம் முதல்ல சிரிச்சவன் நான்தான்!" மறுபடியும் கைதட்டல். பிறகு அக்காவை மேடைக்கு அழைத்தார்கள்.

* இதை நையாண்டி என்கிறார்கள். எங்கள் தெரு நாய்கூட ஆள் பார்க்காமல் குரைக்கும்.

5

இங்கே மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ) அவள் மேடையேறி, மைக்கில் தலைவரின் குரலில் பேசுகிறாள். மண்டபம் அதிர்கிறது. (வரைவைப் படித்தவர்களுக்கெல்லாம் இதுதான் பிடித்தது. அவளுக்கு அந்தக் குரல் வராது. வந்தவன் போய்விட்டான்.)

ஆ) அவள் எழுந்திருக்கவில்லை. கேமரா பக்கத்து இருக்கை நடிகையிடம் போகிறது. தபாலில் விருது வந்து— (இதை முடிக்கவில்லை.)

இ) அவள் போகிறாள். வாங்குகிறாள். தலைவர் தோளில் கைபோட, போட்டோவுக்கு நிற்கிறாள். கண்ணாடிக் கடை வேலைக்கு ஆபத்து வராது.

எது நடந்தது என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். கோழை, வீராங்கனை என்று அவளுக்குப் பட்டம் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள். மூன்றில் எதை எடுத்தாலும் அந்த மண்டபத்தில் அவன் பேசவில்லை. எழுந்து நின்று கைதட்டியவர்களில் நீங்களும் இருந்திருக்கலாம். ஆகவே முடிவு உங்கள் பாடு.

எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதி வைக்கிறேன். அவன் நிகழ்ச்சி வந்துகொண்டிருந்த ஞாயிறு பத்து மணிக்கு, அந்தச் சேனலில் இன்றும் முடி வளரும் எண்ணெய்க்கு விளம்பரம் ஓடுகிறது.