அழகுமுத்து நட்ட வீடு

லிந்துலைக்கு மேலே, ஆற்றோரம் இருக்கும் அழகுமுத்துவின் வீட்டுக்கு முதல் கவ்வாத்து 1957ஆம் வருஷம் ஆனி மாதம் நடந்தது. இரண்டு அறையாகக் கட்டிய வீடு அதற்குள் ஐந்து அறையாகியிருந்தது. கூடுதலான மூன்றையும் யாரும் கட்டவில்லை. தேயிலைச் செடியை நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை முழங்கால் அளவுக்கு வெட்டிவிடுவதைத்தான் கவ்வாத்து என்பார்கள். வீட்டுக்கும் அதே கத்திதான், அதே சாய்வு வெட்டுதான். அந்த வருஷத்து மழையைப் பற்றி ஊரில் இதைவிட அதிகமாகப் பேசினார்கள்.

அழகுமுத்து தோட்டத்திலேயே கைதேர்ந்த கவ்வாத்துக்காரன். அவன் பெண்சாதி ராக்காயி கொழுந்து பறிப்பவள். பிள்ளைகள் இல்லை. அவன் தகப்பனோடு, தோட்டத்து வரிசைவீடுகளில், நாலாம் நம்பர் லயத்தில் ஒரு காம்பிராவில் இருந்தார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஒரு கதவு, சன்னல் கிடையாது, மூலையில் அடுப்பு. அடுத்த காம்பிராவில் யாராவது இருமினால் இங்கே வெந்நீர் வைப்பார்கள், அப்படிச் சுவர். 1950இல், தோட்டத்து அதிகாரி தொரை வருகிறபோது தலைத்துண்டை இறக்கவில்லை என்று கிழவர் பேரை வேலைப் பதிவிலிருந்து வெட்டினார்கள். அவரோடு சேர்த்து மகன் பேரும் மருமகள் பேரும் போயின. பேர் போனால் காம்பிராவும் போகும். "சாமானை எடுத்து வெளிய வைங்க" என்று மேற்பார்வைக்காரரான கண்டாக்கு சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வழி கேட்டவனுக்கு வழி சொல்கிற மாதிரிதான் சொன்னார். மூன்று நாள் மழையில் ரோட்டோரம் கிடந்தார்கள். தொழிற்சங்கத்துக்காரர்கள் பேசி எல்லார் பேரையும் திரும்பப் பதிய வைத்தபோது கிழவருக்கு நெஞ்சில் சளி கட்டிவிட்டது. ஒரு மாதம் தாங்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்த அழகுமுத்து, இனி யாரும் வந்து சாமானை வெளியே வை என்று சொல்லமுடியாத வீடு ஒன்று வேண்டும் என்றான். அதற்கு நாலு பக்கமும் சன்னல் வேண்டும் என்றும் சொன்னான்.

ராக்காயியின் அண்ணன் மூக்கன் லிந்துலை பசாரில் கடைச் சிப்பந்தி. வீடு வேண்டும் என்ற பேச்சு காதில் விழுந்ததும் வந்துவிட்டான். பேரின்பநாயகம் என்று ஒரு மருந்து கலக்குகிறவர், யாழ்ப்பாணத்துக்காரர், பென்ஷன் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போகிறார், அவர் வீடு விலைக்கு வருகிறது. "மாப்புள, கட்டுன வீடு. செவுரு இருக்கு, கூரை இருக்கு. நாலு தகரத்த மாத்து, நடுச்செவுத்தத் தட்டு, வெள்ளையடி. தை பொறந்தா பால் காய்ச்சிறலாம்." ராக்காயிக்கு அந்த வீட்டின்மேல் மனசு போய்விட்டது. குசினியில் புகைக்கூண்டு இருக்காம், வாசலிலேயே குழாய் இருக்காம் என்று இரண்டு தரம் சொன்னாள். அழகுமுத்து கேட்கவில்லை. "அது இன்னொருத்தர் நெனச்ச வீடு, மச்சான். அவர் சன்னல் வச்ச எடத்துலதான் நான் எட்டிப் பாக்கணும். இங்கயும் இன்னொருத்தர் நெனச்சதுலதான இருக்கோம்" என்றான். மூக்கன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான். "நாலு பக்கமும் சன்னல் வச்சு என்னத்தப் பாக்கப் போறீங்க? நாலு பக்கமும் தேயிலதான்."

கடைசியில் ராக்காயியின் காதுத் தண்டட்டி விலைக்குப் போனது, ஆற்றுக்கு இக்கரையில் கிரிபண்டா என்ற சிங்களக் கிராமத்துக்காரரின் பத்துப் பேர்ச் நிலத்துண்டு வந்தது. ஆற்றுக்கு அக்கரை தோட்டத்து மண். பேரின்பநாயகத்தின் வீட்டை மூக்கனே வாங்கித் தகரம் மாற்றிக் குடிபோனான்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். பிள்ளை பிறந்தால் என்ன செய்வது, பெண் சமைந்தால் குச்சு எப்படிக் கட்டுவது, செத்தவருக்கு யார் நீர்மாலை எடுப்பது, இதற்கெல்லாம் தோட்டத்தில் ஆள் உண்டு. வீடு கட்டுகிறபோது நிலத்துக்கு என்ன சொல்லவேண்டும், வாசக்காலில் என்ன கட்டவேண்டும் என்று அறிந்தவர் ஒருவரும் இல்லை. மூன்று தலைமுறையாக அங்கே யாரும் வீடு கட்டியதில்லை. மாரியம்மன் கோயில் பூசாரி நெடுநேரம் யோசித்துவிட்டு, தேர் சோடிக்கச் சொல்லு, செய்கிறேன், இது எனக்குத் தெரியாது என்றார். ஆகவே மண்ணில் எதையாவது ஊன்றுவது என்றால் எது தெரியுமோ அதைச் செய்தார்கள். தேயிலைக் கன்றுக்குப் போலவே நாலடிக்கு நாலடி கயிறு பிடித்து, ஒன்றரை அடிக் குழி இருபத்திரண்டு வெட்டினார்கள். குழிக்கு ஒரு பிடி சாணி, ஒரு பிடி உரம். அத்திவாரக் கல்லை நேராக நிறுத்தி, மேல்மண்ணைத் தள்ளி, குதிகாலால் சுற்றி மிதித்தார்கள். பிடித்து இழுத்துப் பார்த்து, வராத கல்லைத்தான் சரி என்றார்கள். வேலியோரம் நின்ற கிரிபண்டா, கல்லுக்கு எதற்கு உரம் என்று கேட்டார். நட்டால் போடவேண்டாமா என்று இவர்கள் கேட்டார்கள். அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

1953 தையில் வீடு நின்றது. நாலு சன்னலிலும் வெளிச்சம் வந்தது. காலையில் எழுந்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுமுன் அழகுமுத்து நாலையும் ஒருதரம் திறந்து மூடுவான். ராக்காயிகூட ஒரு வருஷம் புகைக்கூண்டைப் பற்றிப் பேசவில்லை. மறுவருஷம் ஐப்பசியில் கிழக்குச் சுவரில் அரும்பு மாதிரி ஒரு புடைப்பு கண்டது. கார்த்திகையில் அது வாசற்படி. மாசி பிறக்கும்போது ஓர் அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஒரு கதவு, சன்னல் இல்லை, மூலையில் அடுப்பு. யாரும் அந்த அடுப்பில் உலை வைத்ததில்லை, ஆனாலும் அதற்கு மேலே சுவரில் கரி பிடித்திருந்தது.

ராக்காயி உள்ளே போய் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தாள். "லயத்த விட்டு வந்துட்டோம்னு இருந்தேன். அது நம்ம பின்னாடியே நடந்து வந்துருக்கு. அந்த வீட்ட வாங்கியிருந்தா கூரை மட்டுந்தான் ஒழுகியிருக்கும்." அடுத்து இன்னொன்று வந்தது, அதற்கும் அடுத்து இன்னொன்று, ஒரே வரிசையாக. ஆற்றை நோக்கி நீண்டபடி, முன்னால் ஒரே நீளத் திண்ணையாக ஓடும் இஸ்தோப்போடு.

அதனால்தான் ஐம்பத்தேழில் கத்தியை எடுத்தான். வெட்டுவாயில் பச்சை வாசம் வந்தது, சாணி பூசி அடைத்தான். வெட்டி விழுந்த சுவர்களை ராக்காயி மிளாறுக் குச்சிபோல அடுக்கி ஆறு மாதம் அடுப்பெரித்தாள். நன்றாகத்தான் எரிந்தது. ஆனால் கவ்வாத்துப் பட்ட செடி அடர்ந்து வரும் என்பது தோட்டத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அழகுமுத்துவுக்குத் தெரியாமல் இல்லை. இருபது வருஷம் கத்தி பிடித்த கை, வளர்ந்ததைக் கண்டால் வெட்டத்தான் போகும். அடுத்த வருஷம் ஆறு அறை வந்தது, கிழக்குச் சன்னல் காயம் ஆறுவது போல மூடிக்கொண்டது. ஐம்பத்தொன்பதில் மறுபடி வெட்டினான். ஒன்பது அறை வந்தது, தெற்குச் சன்னலும் போனது.

வெறும் அறைகள் வெகுநாள் வெறுமையாக இருக்கவில்லை. நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பேர் வெட்டுப்பட்டு, தொழிற்சாலை மாடியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்த புருஷன் சின்னராசாவைத் தொட்டில் கட்டி, ஆள் பிடித்துத் தூக்கிக்கொண்டு காளியாயி என்பவள் வந்தாள். "அண்ணே, இந்தக் காம்பிரா யாருக்கு?" என்று கேட்டாள். யாருக்கும் இல்லை என்றான் அழகுமுத்து. "அப்ப எங்களுக்கு" என்று உள்ளே போய்விட்டாள். தண்ணீருக்குக் கிட்ட இருக்கட்டும் என்று வரிசையின் கடைசி அறையை எடுத்துக்கொண்டாள். அவளைக் கேள்விப்பட்டு மற்றவர்கள் வந்தார்கள். அறுபதாம் வருஷம் ஒன்பது அறையிலும் புகை எழுந்தது. லயத்தை விட்டு ஓடின மாப்பிள்ளை லயத்துக்கே கங்காணி ஆகிவிட்டார் என்று மூக்கன் பசாரில் சொல்லிச் சிரித்தான்.

1961 வைகாசியில் தோட்டத்திலிருந்து கண்டாக்கு வந்தார். வரிசை ஆற்றங்கரையைத் தொட்டுவிட்டது. இன்னும் வளர்ந்து, ஆற்றைத் தாண்டி அக்கரைத் தோட்டத்து மண்ணில் காலூன்றினால் அத்துமீறல், ஆள் விட்டு மொத்தத்தையும் இடித்துவிடுவோம் என்றார். அழகுமுத்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. வெட்டாவிட்டால் எல்லார் வீடும் போகும். வெட்டினால் கடைசி அறையைத்தான் முதலில் வெட்டவேண்டும். மூன்றாம் நாள் காலை கத்தியைத் தீட்டிக்கொண்டு போனான். போகிற வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். சொல்லவேண்டியிருக்கவில்லை. கத்தியைப் பார்த்ததுமே காளியாயி எழுந்து சாமானை எடுத்து வெளியே வைக்கத் தொடங்கினாள். அவளுக்கு இது நாலாவது முறை, கை பழகியிருந்தது. "மொதல்ல அம்மிய எடுத்துர்றேன்ண்ணே, அதுதான் பாரம். அவரத் தூக்க மட்டும் ஒரு கை குடுங்க" என்றாள். உள்ளே சின்னராசா, கம்பளியைத் தானே மடித்துக்கொண்டிருந்தான்.

ராக்காயி பின்னாலேயே வந்திருந்தாள். குனிந்து அந்த அம்மியை இடுப்பில் ஏற்றி உள்ளே கொண்டுபோய், பழைய இடத்தில் வைத்தாள். வெளியே வந்து புருஷனைப் பார்த்தாள். "நீங்க வெட்டுறதுன்னா வெட்டுங்க. ஆனா நாளைக்கு ஒங்களுக்குச் சோறு போடுறப்ப நான் ஒங்கள என்னான்னு கூப்புடுறது? கண்டாக்கையான்னா?"

அழகுமுத்து கத்தியை ஆற்றில் போட்டான். அதன் பிறகு ஒருவரும் சரியாக உறங்கவில்லை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, கடைசிச் சுவருக்கும் தண்ணீருக்கும் இடையில் குச்சி வைத்து அளந்தார்கள். ஆடி போனது, ஆவணி போனது, குச்சி அசையவில்லை. கவ்வாத்துப் படாத தேயிலை பக்கவாட்டில் படராது, மரமாகி மேலே போகும். கைவிட்ட மலைகளில் அப்படி இருபதடிக்கு நிற்பதை எல்லாரும் பார்த்தவர்கள்தான், அந்தப் பயத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அறுபத்திரண்டு சித்திரையில் கூரைத் தகரத்தை நெம்பிக்கொண்டு மேல்மாடி அரும்பு விட்டது. தொரை நேரில் வந்து பார்த்தார், தோட்டத்து வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே எல்லைக்கல் போடப்படவில்லை என்று கண்டாக்கிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மாடிகளில் சன்னல் இருந்தது, அறைக்கு ஒன்று. வளர்வதில் ஒரு முறையும் இருந்தது. முதலில் சுவர், பிறகு கூரை, பிறகு சன்னல். படிக்கட்டு எல்லாவற்றுக்கும் கடைசியில், மூன்று நாலு மாதம் கழித்துத்தான் முளைக்கும். பேர் வெட்டுப்பட்டவர்கள் வந்துகொண்டேயிருந்தார்கள், படி வந்ததும் ஏறிக் குடியிருந்தார்கள்.

அறுபத்துநாலின் கடைசியில் கொழும்புக் குடியுரிமை அலுவலகத்திலிருந்து நீளமான காக்கி உறைகள் வரத் தொடங்கின. பதிவுத் தபால், உரியவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினால்தான் செல்லும். மூக்கனுக்கு வந்தது. தபால்காரர் பியசேன, மூக்கன் புதிதாகப் போட்ட மூன்று சிமெந்துப் படியில் ஏறி, புதிதாகப் பூசிய சுவரில் காகிதத்தை வைத்துக் கையெழுத்து வாங்கினார். முப்பது வருஷம் இந்த நாட்டில் இருந்ததற்குக் காட்டிய தாள்கள் போதாது, இந்தியாவுக்குப் போக ஆயத்தமாகவும் என்றது கடிதம். நானுஓயா ஸ்டேஷனில் மூக்கன் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான், சாவிக்கொத்தை இன்னும் மடியில் வைத்திருந்தான். ராக்காயி அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நல்ல வீடுதான் தங்கச்சி. ஒரு சொட்டு ஒழுகல. எந்திரிச்சு எங்கூட வரத்தான் அதுக்குத் தெரியல" என்றான்.

அன்று வீட்டுக்குத் திரும்பியதும், நாம் மேலே போய்விடுவோம் என்றாள் ராக்காயி. அன்றைக்கு மேலே மூன்றாம் மாடி, சுவர் ஈரம் காயாமல், படி முளைக்காமல் நின்றது. மூங்கில் ஏணி வைத்து ஏறினார்கள். எஞ்சியிருந்த இரண்டு சன்னலுள்ள கீழ்வீட்டைச் சின்னராசாவுக்குக் கொடுத்தார்கள், படுத்தபடி வெளியே பார்க்கட்டும் என்று. அழகுமுத்துவின் உறை அடுத்த மாதமே வந்தது. பியசேன கீழே நின்று கூப்பிட்டார். ராக்காயி எட்டிப் பார்த்து, ஏறி வாங்க என்றாள். "படி இல்லியே அக்கே. ஏணியில ஏற எனக்கு ஓடர் இல்ல" என்றார் பியசேன. அழகுமுத்துவை அவர் தினம் காலையில் பெரட்டுக் களத்தில் பார்க்கிறார், பீடிக்கு நெருப்புக் கொடுக்கிறார். ஆனால் உறையில் எழுதியிருப்பது வீட்டு முகவரி, வீட்டில் கொடுக்கத்தான் சட்டம்.

மூன்றாம் மாடிக்குப் படி வந்தபோது நாலாவது தயாராக இருந்தது. ஒவ்வொரு முறையும் பாயையும் பானையையும் எடுத்துக்கொண்டு ஏறுகிறார்கள். மேலே காற்று அதிகம், சுவர் எப்போதும் ஈரம், அழகுமுத்துவுக்கு இருமல் விடுவதில்லை. படி முளைக்கிற சத்தம் கேட்கிறதா என்று பாதிப் பேச்சில் நிறுத்திக் காதுகொடுக்கிற பழக்கம் இருவருக்கும் வந்துவிட்டது. அரிசியும் விறகும் கொழுந்துக் கூடையில் கயிறு கட்டி ஏறுகின்றன, காளியாயி கீழே நின்று கட்டிவிடுகிறாள்.

உறை கொழும்புக்குத் திரும்பிப் போகிறது, மாடி எண்ணைத் திருத்தி அடுத்த மாதம் திரும்பி வருகிறது. ஒவ்வொரு தடவையும் காரணத்தைக் கையால் எழுத அலுத்துப்போய், அந்த அலுவலகத்தில் இதற்கென்று ஒரு ரப்பர் முத்திரை செய்து தபால் கந்தோருக்கு அனுப்பியிருக்கிறார்கள்: படிக்கட்டு இன்னும் வளரவில்லை. முத்திரை சிங்களத்தில் இருந்தபடியால், பியசேனதான் கீழே நின்று வாசித்துச் சொன்னார்.