வேர்க்காத மூடிகள்

மூடி வேர்த்திருந்தது. ஐந்து கண்ணாடி பாட்டில்களில் மூன்றாவதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. உள்ளே நேற்று முன்தினம் அவள் கணவர் உலர்த்தி அடைத்த ஆப்பிள் வில்லைகள். மூடியின் உட்பக்கம் ஊசிமுனை அளவில் நீர்த்துளிகள். நாலாவதிலும் அப்படித்தான். அடுப்பில் பால் பொங்கப் பார்த்தது. அவள் அதைக்கூடக் கவனிக்காமல் நின்றாள்.

குடி முழுகிப்போகிற காரியமில்லை இது. பழத்தை உலர்த்தி எடுத்ததும் ஒரு வாரம் பாட்டிலில் மூடி வைத்து, தினமும் குலுக்கிப் பார்க்க வேண்டும். மூடி வேர்த்தால் பழத்துக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி தட்டுகளில் பரப்பி, உலர்த்தும் மெஷினில் நாலைந்து மணி நேரம் ஓடவிட்டால் தீர்ந்தது. இதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். மெஷினோடு வந்த சின்னப் புத்தகத்தை அவர் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்திருந்தார்.

பம்பு செய்யும் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் தரம் பார்க்கும் வேலை அவருக்கு. மயிரிழை விரிசல் இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. வீட்டிலும் அந்தக் கண் ஓயாது. அவள் கிளினிக்குக்குக் கிளம்பும்போது, "பின்னாடி தையல் விட்டிருக்கு பாரு" என்பார். தன் சட்டையைத் தினமும் வெளிச்சத்தில் பிடித்து, எந்தப் பொத்தான் அடுத்த வாரம் விழும் என்று ஜோசியம் சொல்வார். "கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திட்டுப் பொறந்தீங்களா?" என்று அவள் கேட்பாள். அவருக்கு அதில் பெருமை தாங்காது.

போன வருஷம் கம்பெனியில் அவர் உட்கார்ந்த இடத்தில் விரிசல் பார்க்க ஒரு கேமராவை வைத்தார்கள். அவரை அனுப்பிவிட்டார்கள். அதன்பிறகு அவர் பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது, கடைசியில் தூக்கமும் போனது. அவருடைய தம்பி, "என் குடோன் கேட்ல உக்காருண்ணா, சும்மா வண்டி நம்பர் எழுதினாப் போதும்" என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டான். நல்ல மனசோடுதான் கூப்பிட்டான். ஆனால் அந்தச் 'சும்மா'வைக் கேட்டு அவர் முகம் போன போக்கை அவள் பார்த்தாள்.

அப்புறம்தான் இந்த மெஷின் வந்தது. ஐந்து தட்டு, ஒரு காற்றாடி, சூட்டைக் கூட்டக் குறைக்க ஒரு திருகு. தக்காளி, கேரட், வாழைப்பழம் என்று வீட்டுக்கு வந்த எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு தடவை தர்ப்பூசணியைப் போட்டு, ராட்சசப் பழம் ஒரு கைப்பிடித் தோலாகச் சுருங்கியதைப் பார்த்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. கடைவீதியில் இயற்கைப் பொருள் கடை வைத்திருக்கும் அம்மா, "அடுத்த வெள்ளிக்கிழமை ஆப்பிள் கொண்டாங்க. நல்லா இருந்தா வாராவாரம் எடுத்துக்கறேன்" என்று சொன்னதும் அவர் தம்பிக்குப் போன் போட்டார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுடா. அதுக்கப்புறம் நான் வரவேண்டியதே இருக்காது."

பழக்காரன் ஒரு நாள் தாமதித்தான். பாட்டிலில் ஒரு வாரம் இருக்க வேண்டுமே என்று அவர் தவித்தார். ஐம்பத்தைந்து டிகிரியில் வைக்க வேண்டிய சூட்டை எழுபதுக்குத் திருகினார். அளவு தவறாத மனுஷன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவசரப்பட்டார். மாலைக்குள் வில்லைகள் மடித்தால் ஒட்டாமல், தோல் வார் மாதிரி அழகாக வந்துவிட்டன. அன்றைக்கு அவர் படுத்ததும் தூங்கினார்.

பாட்டிலும் கையுமாக அவள் நிற்கும் இப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அவரை எழுப்பி, "மூடி வேர்த்திருக்குங்க" என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. பல் டாக்டர் கிளினிக்கில் அவளுக்கு வேலை. வருகிறவர்களின் பெயர் எழுதி உட்காரவைத்து, "வலிக்காது, ஒரே நிமிஷம்தான்" என்று நாளெல்லாம் சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. கொஞ்சம் ஈரம்தானே, திறந்து வைத்தால் போய்விடும் என்று நினைத்தாள். மூடிகளைத் திறந்து, உட்பக்கத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, பத்து நிமிஷம் காற்றாட விட்டு மூடினாள். அவர் எழுந்து வந்து பாட்டில்களை ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்த்தார். நோட்டில் எழுதினார்: இரண்டாம் நாள், வேர்வை இல்லை.

மறுநாளும் துடைத்தாள். அதற்கு மறுநாளும். ஐந்தாம் நாள் மூடிகள் தாமாகவே காய்ந்திருந்தன. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. தன் வைத்தியம் பலித்துவிட்டது என்றே நம்பினாள், பாவி.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டு அவளும் கடைக்குப் போனாள். கடைக்காரம்மா ஒரு வெள்ளைத் தட்டை எடுத்துவைத்து மூன்றாவது பாட்டிலைக் கவிழ்த்தார். மேலே இருந்த வில்லைகள் சலசலவென்று விழுந்தன. நடுவிலிருந்து நாலைந்து வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டி, கட்டியாக விழுந்தன. அந்த அம்மா இரண்டு விரலால் பிரித்தார். இடையில் பஞ்சு மாதிரி வெள்ளையாக, ஓரத்தில் பச்சை படர்ந்து பூசணம். அதிகச் சூட்டில் வெளியே தோல் இறுகி, உள்ளே ஈரம் சிறைப்பட்டுக் கிடந்திருக்கிறது.

"பரவாயில்லைங்க. இன்னொரு தடவை பாக்கலாம்" என்றார் கடைக்காரம்மா. சொல்லிக்கொண்டே விரல்களைத் துடைத்துக்கொண்டார். அவள் கணவர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்து அவர் கத்தியிருந்தால் தேவலை. சாப்பாட்டு மேஜையில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"சூட்டை ஏத்தினதுதான் தப்போன்னு பாத்தேன்" என்றார். "அப்படின்னா மூடி வேர்த்திருக்கணும். கட்டாயம் வேர்த்திருக்கணும். நான்தான் தினம் பாத்தேனே."

அவள் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வேர்த்திருக்கு. என் கண்ணுல படல. அவ்வளவுதான்." நோட்டை மூடினார். "கம்பெனிக்காரன் தெரிஞ்சுதான் கேமராவ வெச்சிருக்கான். நான்தான் ஒரு வருஷமா அவனத் திட்டிட்டு இருந்தேன்."

"அப்படியெல்லாம் இல்லைங்க."

"நீயும்தான் காலைல எந்திரிச்சுப் பாப்பியே. உனக்கு ஏதாவது தெரிஞ்சுதா?"

ஒரு வார்த்தை போதும். 'நான்தான் துடைச்சேன்.' சொல்லியிருந்தால் அவர் கண் அவருக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். தப்பு திருகில்தான், சரிசெய்யக்கூடிய தப்பு என்று தெரிந்திருக்கும். ஆனால் ஏன் துடைத்தாய் என்று கேட்பாரே. உங்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். நாலு காசு மிட்டாயைக் கொடுத்து அழுகிற குழந்தையைச் சமாளிப்பதுபோல் ஒரு வாரம் உங்களைச் சமாளித்தேன் என்று சொல்ல வேண்டும். எதைச் சொன்னால் மனுஷன் பிழைப்பார், எதைச் சொன்னால் உடைவார் என்று அவளுக்கு அந்த நேரத்தில் பிடிபடவில்லை.

"இல்லைங்க" என்றாள். "எனக்கும் ஒண்ணும் தெரியல."

அவர் தலையசைத்தார். அவள் சொல்லை அப்படியே நம்பினார். எழுந்து தம்பிக்குப் போன் போட்டார். "திங்கக்கிழமைலேர்ந்து வரேன்டா" என்று அவர் சொல்வது சமையலறைக்குக் கேட்டது. டீ குடிக்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்று தள்ளினாள். சனிக்கிழமை போனது, ஞாயிறும் போனது. ஞாயிறு சாயங்காலம் அவர் எதுவும் பேசாமல் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அப்போதும் அவள் பக்கத்தில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

திங்கள் காலை டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை, கொடியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டிக்கொண்டார். இரண்டாவது பொத்தான் ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க" என்று கூப்பிட்டாள்.

அவர் படியில் நின்று திரும்பினார்.

"ஒண்ணுமில்ல. பாத்துப் போங்க."

செருப்புச் சத்தம் கீழே இறங்கித் தேய்ந்தது. அவள் சமையலறைக்குத் திரும்பினாள். ஐந்து பாட்டில்களும் மேடையில் வரிசையாக இருந்தன. ஈரம் உலரும் முன்பே மூடிவைத்திருக்கிறார். ஈரப் பாட்டிலை மூடாதே என்று அவளை எத்தனை தடவை கடிந்துகொண்டிருப்பார். ஐந்து மூடிகளும் உள்ளே முத்து முத்தாக வேர்த்திருந்தன. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிந்தது. அவள் கை பழக்கதோஷத்தில் துணியை எடுத்துவிட்டது. எடுத்த துணியோடு அவள் அங்கேயே நின்றாள்.