கோச்சியை நிப்பாட்ட விருப்பமானவர்கள்

தாட்சாயினிக்கு அந்தக் கூட்டத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கோச்சி தன் ஊரில் நின்று போக வேண்டும். வவுனியா ஆஸ்பத்திரியில் தாதி வேலை. பஸ்ஸை நம்பினால் வேலையும் இல்லை, வீடும் இல்லை என்று அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்தாள். புருசன் கட்டாரில் வேலை. மகள் யதுர்ஷிகாவை வளர்ப்பது அவனுடைய அக்கா ஞானேஸ்வரி. தனக்கென்று பிள்ளை இல்லாதவள். லீவுக்கு ஓடி வந்தால், யாரோ விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி மகள் பார்ப்பாள். பெற்ற வயிறு எரியாமல் என்ன செய்யும்? ரயில் தண்டவாளமோ வீட்டு வேலிக்குப் பின்னால்தான் கிடக்கிறது. கோச்சி நாளும் பொழுதும் கூவிக்கொண்டு போகிறது, நிற்கத்தான் அதற்கு மனமில்லை.

புளியங்குளத்துக்கு அங்கால் உள்ள இந்தப் பக்கத்துக்கு, ஊரூராக நின்று போகும் கோச்சி ஒன்று விடலாமா என்று விசாரிக்கக் கொழும்பிலிருந்து பொறியியலாளர் ஒருவர் வந்திருந்தார். சிங்கள மனிதர். தமிழ் படித்து வந்து தமிழிலேயே கதைத்தார். அதற்கே சனம் பாதி மயங்கிவிட்டது. வாசிகசாலையில் நிற்க இடமில்லை.

“கோச்சியை நிப்பாட்ட விருப்பமானவங்க கையைத் தூக்குங்க” என்றார்.

தாட்சாயினி தூக்கினாள். திரும்பிப் பார்த்தால் வேறு ஒருத்தர்கூடத் தூக்கவில்லை. இதென்ன கூத்து? நேற்றுவரை கோச்சி கோச்சி என்று உயிரை எடுத்த சனம், வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி இருக்கிறது. பொறியியலாளரின் முகம் தொங்கிவிட்டது. அவளுக்கோ காரணம் தெரியாமல் மண்டை குடைந்தது.

முன்வரிசையிலிருந்த ஊர்ச் சங்கத் தலைவர் மயில்வாகனம் அவளை முறைத்தார்.

“உமக்கென்ன, பிள்ளை, விசரோ? சண்டைக்குள்ள இருபது வருசமா நிப்பாட்டி வைச்சிருந்தது காணாதோ? இன்னும் நிப்பாட்ட வேணுமோ?”

அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கோச்சியை நிப்பாட்டுவது என்றால் இந்த ஊருக்கு ஒரே ஒரு அர்த்தந்தான், ஓடவிடாமலே செய்வது. அன்றைக்கு அப்படி நிப்பாட்டின பிறகு தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டுபோய்ப் பதுங்குகுழிக்கு மேல் போட்டார்கள்; இப்போது கிடப்பது சண்டை முடிந்து புதிதாய்ப் போட்டது.

“மயிலண்ணை, அந்த நிப்பாட்டு இல்லை. எங்கட ஊரில நிண்டு, எங்களை ஏத்திக்கொண்டு போறதைத்தான் ஐயா கேக்கிறார்.”

“அட கோதாரி, அதை முதலே சொல்லியிருக்கலாமே” என்று முதல் ஆளாகக் கையைத் தூக்கியவரும் மயில்வாகனந்தான். பிறகு மளமளவென்று கைகள் எழுந்தன. பொறியியலாளர் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

தாட்சாயினிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இனி வேலை முடிய வீட்டுக்கு வரலாம். மகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுக்கலாம். இதை மச்சாளிடம் சொல்லத் திரும்பினாள். சுவரோரக் கதிரையில் ஞானேஸ்வரி இருந்தாள், மடியில் யதுர்ஷிகா நித்திரை. அவளுடைய கைகள் இரண்டும் பிள்ளையைச் சுற்றியே இருந்தன. பாவம், இவவுக்கு இன்னும் விளங்கவில்லைப் போல என்று தாட்சாயினி கிட்டப் போனாள்.

“மச்சாள், அவர் கேக்கிறது கோச்சி இஞ்சை நிண்டு போறதுக்கு. நீங்களும் கையைத் தூக்குங்கோ.”

ஞானேஸ்வரி பிள்ளையின் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள்.

“அவர் முதல் கேக்கேக்கையே எனக்கு விளங்கினது, தாட்சா” என்றாள்.